சின்ன படம்னா ஓடிடி வர்ற வரைக்கும் வெய்ட் பண்ணலாமா? பாண்டி, கடலூர் மக்கள் சொல்லுங்க

லாஸ்பேட்டை பையன்:

வணக்கம் மக்களே. எங்க வீட்ல ரொம்ப நாளா ஓடிகினு இருக்கற சண்ட இது, உங்ககிட்டயும் கேட்டுரலாம்னு வந்தேன். அப்பா, அண்ணன், மச்சான் எல்லாம் ஒரு கட்சி. பெரிய ஹீரோ, ஃபைட்டு, கிராஃபிக்ஸ் இருந்தா தியேட்டருக்கு போலாம், மத்ததெல்லாம் நாலு வாரத்துல ஓடிடில வந்துரும், எதுக்கு காச கொட்டணும்ங்கறாங்க. இந்தப் பக்கம் நான் மட்டும்தான். என்னக் கேட்டா அப்படியே தலகீழ்னு சொல்லுவேன். பிரம்மாண்டமா எடுத்த படத்த கூட நல்ல டிவில பாத்துக்கலாம், ஆனா சிரிக்க வைக்கற படம், வெளயாட்டு படம், பேய் படம் இதெல்லாம் கூட்டத்தோட பாக்கலன்னா பாதி படம் பாத்த மாதிரிதான்.

லப்பர் பந்து வந்தப்ப (2024 செப்டம்பர்) அண்ணா சாலை பக்கம் ஒரு தியேட்டர்ல பாத்தேன். அட்டகத்தி தினேஷ் பேட்ட எடுத்துகினு கிரவுண்டுக்குள்ள வர்றாரு, பின்னாடி விஜயகாந்தோட பொன்மனச் செல்வன் பாட்டு, "நீ பொட்டு வச்ச" ஆரம்பிக்குது. 1989 பாட்டு அது. என் பக்கத்து சீட்ல காலேஜ் பசங்க, அதுங்க பொறக்கறதுக்கு முன்னாடி வந்த பாட்டு, ஆனா வரி மாறாம பாடுதுங்க, முன் வரிசைல இருந்த ஒரு பெரியவர் கேப்டன்னு கத்துறாரு. அப்புறம் அந்த டிராக்டர் சீன். அவரு பொண்டாட்டியா வர்ற ஸ்வாசிகா டிராக்டர ஓட்டிகினு வந்து மேட்ச் நடக்கற பிட்ச்சையே உழுதுட்டு போற இடம், மொதல்ல தியேட்டரே கப்சிப்னு ஆச்சு, அடுத்த செகண்டு லேடீஸ் இருந்த பக்கத்துலருந்துதான் மொதல் விசில் வந்துச்சு. எங்க அப்பா அதே படத்த வீட்ல பாத்தாரு, நடுவுல ரெண்டு போன் பேசினாரு, கடைசில "பரவால்ல"ன்னாரு. அவ்ளோதான். அந்தப் படத்துக்கு பரவால்லயா? ஹரிஷ் கல்யாண் கேரக்டர ஜாதி பாத்து டீம்ல சேக்காம விடற விஷயத்த எவ்ளோ நிதானமா, யாரையும் கொடூரமா காட்டாம சொல்லிருப்பாங்க, அது நிக்கணும்னா மொத்தமா உக்காந்து பாத்தாதான் நிக்கும்.

அதனால கேள்வி இதான். எந்த மாதிரி படத்துக்கு தியேட்டர், எந்த மாதிரி படத்துக்கு வீடு? ரெண்டு எடத்துலயும் பாத்த படம் எதாவது இருந்தா வித்தியாசத்த சொல்லுங்க. நெய்வேலிலருந்து அக்கா குடும்பம் லீவுக்கு வர்றாங்க, அவங்கள கூட்டிகினு போறத பத்தியும் யோசிக்கணும்.

கடலூர் ஓடி:

தம்பி, பாதி ஒத்துக்கறேன், மீதி பாதிய ஒத்துக்க மாட்டேன். காமெடியும் வெளயாட்டும் தியேட்டர்தான், சரி. ஆனா மெதுவா போற படத்துக்கு கூட்டம் தொந்தரவுதான். நான் கடலூர் ஓல்டு டவுன் (அதான் ஓ.டி.)காரன், மெய்யழகன ரிலீஸான ரெண்டாவது நாளே போய் பாத்தேன், கிட்டத்தட்ட மூணு மணி நேர படம், 1996ல தஞ்சாவூர் வீட்ட விட்டு கெளம்பறாங்க பாருங்க, அந்த ஆரம்பத்துலயே எனக்கு தொண்ட அடச்சிருச்சு. எனக்கு பின்னாடி உக்காந்திருந்த நாலு பேரு "எப்பதான்டா ஃபைட்டு வரும்"னு கேட்டுட்டே இருந்தானுங்க. கார்த்தி படம்னு வந்திருக்கானுங்க, அவனுங்கள சொல்லியும் குத்தம் இல்ல. அப்புறம் லேக்கா இருக்குன்னு ஊரெல்லாம் பேச்சு வரவும் ஒரு பதினெட்டு நிமிஷத்த வெட்டிட்டாங்க. வெட்டுனத என் தங்கச்சியோட மறுபடியும் பாத்தேன், எனக்கு ஆறவே இல்ல. அந்தப் படத்துல கதைன்னு ஓடறதுக்கு ஒண்ணும் கெடையாது, ராத்திரி பூரா ரெண்டு பேர் உக்காந்து பேசறாங்க, கார்த்தி பேரு அரவிந்த்சாமிக்கு ஞாபகம் வரல, அவ்ளோதான். அந்தப் பேச்ச கொறச்சா அப்புறம் படத்துல என்ன இருக்கு?

கல்யாண மேடைல அரவிந்த்சாமி கொண்டு வந்த நகைய கல்யாணப் பொண்ணு அங்கயே பிரிச்சு போட்டுக்கற சீன். தியேட்டர்ல அதுக்கு ஒருத்தன் சிரிச்சான். வீட்ல அம்மாவும் தங்கச்சியும் நானும் பாத்தப்ப யாரும் யாரையும் நிமுந்து பாக்கல. என் ஓட்டு இந்த மாதிரி படத்துக்கு வீடுதான், லைட்ட அணைச்சுட்டு, போன தள்ளி வெச்சுட்டு பாக்கணும்.

இன்னொண்ணு, உங்களுக்கு பாண்டில அண்ணா சாலைக்கு பைக் எடுத்தா பத்து நிமிஷம். எங்க ஊர்ல ஒரு சின்ன படம் ஒரு வாரம் தங்குனா பெரிய விஷயம், ரெண்டாவது வாரம் பாக்கணும்னா பாண்டிக்கு பஸ் ஏறணும். நைட் ஷோ விட்டா திரும்பி வர பஸ் கெடைக்குமாங்கறதும் இருக்கு. கஞ்சத்தனத்துலதான் எல்லாரும் ஓடிடிக்கு வெய்ட் பண்றாங்கன்னு நெனைக்காதீங்க.

பாகூர் அக்கா:

ரெண்டு புள்ளைங்கள வெச்சிருக்கற அம்மாவா சொல்றேன், எனக்கு தியேட்டரா வீடாங்கறதுக்கு முன்னாடி சர்டிஃபிகேட்தான் பாக்கணும். கூலி வந்தப்ப தலைவர் படமாச்சேன்னு எங்க தெருவே கெளம்புச்சு, அது ஏ சர்டிஃபிகேட், புள்ளைங்கள உள்ள விட மாட்டாங்கன்னு கேட்டுக்கு வந்துதான் பல பேருக்கு தெரிஞ்சுது, சின்னது அழுவுது, டிக்கெட் காசும் போச்சு. இப்ப யூஏலயே 7, 13, 16ன்னு வயசு போட்டு மூணா பிரிச்சிருக்காங்க, புக் பண்றதுக்கு முன்னாடி அத பாத்துருங்கப்பா. ரொம்ப உபயோகமான விஷயம் அது, யாரும் கண்டுக்கறதே இல்ல.

தம்பி கேட்டதுக்கு வர்றேன். டூரிஸ்ட் ஃபேமிலிய தியேட்டர்லதான் பாத்தோம், மாமியாரையும் கூட்டிட்டு போனேன். அவங்களுக்கு சினிமான்னாலே தல வலி, அன்னிக்கு ஒரு நிமிஷம் கண்ண மூடல. எலங்கைலருந்து வந்த குடும்பம் அக்கம்பக்கத்துக்கு தெரியாம நாக்க அடக்கிட்டு பேசறதும், அந்த சின்ன பையன் முள்ளி வாய வெச்சுட்டு சும்மா இல்லாம மாட்டி விடறதும், தியேட்டரே குலுங்கி குலுங்கி சிரிச்சுது. அப்புறம் பக்கத்து வீட்டம்மா எறந்து போற எடம். சிரிச்ச அதே ஜனம் மூக்க உறிஞ்சுது. முன்ன பின்ன தெரியாதவங்க பக்கத்துல உக்காந்து அழுவறது எனக்கு ஒரு தைரியமா இருந்துச்சுப்பா, வீட்ல டிவி முன்னாடி அழுதா "என்னா, சினிமாக்கு போய் அழுவற"ன்னு வீட்டுக்காரர் கேப்பாரு. அந்த டைரக்டருக்கு அது மொதல் படமாம், நம்பவே முடியல.

பறந்து போ வேற விதம். அப்பனும் மகனும் வண்டிய எடுத்துட்டு இஷ்டத்துக்கு சுத்தறாங்க, நடுநடுவுல குட்டி குட்டியா பாட்டு வந்துட்டே இருக்கும். அத வீட்ல போட்டு எங்க பெரியவன் திரும்பத் திரும்ப பாக்கறான். மரம் ஏறுன சீன நிறுத்திட்டு "நானும் ஏறட்டுமா"ன்னு கேக்கறான், தியேட்டர்ல கேட்டிருந்தா வாய மூடுன்னு சொல்லிருப்பேன். அதனால புள்ளைங்களுக்கான படம்னா ரெண்டு எடமும் ஓகேதான்.

காசு விஷயம்: 2025 செப்டம்பர் 22லருந்து நூறு ரூவா வரைக்கும் உள்ள டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12லருந்து 5 ஆச்சு, அதுக்கு மேல பழைய 18தான். சாதா தியேட்டர் போற எங்கள மாதிரி குடும்பத்துக்கு அது நல்லதுதான், ஆனா பாப்கார்ன் வெலதான் எங்கள ஓட ஓட வெரட்டுது.

பழைய ஆபரேட்டர்:

நான் ரொம்ப வருஷம் தியேட்டர் கேபின்ல வேல பாத்தவன். உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொன்னா உங்க சண்டைக்கு உதவும்.

ஒரு சின்ன படத்தோட தலையெழுத்து வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாள்ல எழுதப்படுது. பெரிய படம் ஓடிட்டு இருந்தா சின்னதுக்கு காலைல 11 மணி ஷோவோ மதியமோதான் கெடைக்கும். அந்த நேரத்துல வேலைக்கு போறவன் எப்படி வருவான்? கூட்டம் இல்லன்னா திங்கக்கெழம அந்த ஷோவ எடுத்து பெரிய படத்துக்கு குடுத்துருவாங்க, ஓனர் மேல தப்பில்ல, கரண்ட் பில்லு, ஏசி, ஆளுங்க சம்பளம் எல்லாம் அவர் தலைலதான். சில நேரம் பத்து பேர் கூட வரலன்னு ஷோவையே கேன்சல் பண்ணி டிக்கெட்டுக்கு காச திருப்பி குடுத்ததும் உண்டு, வந்த கொஞ்ச பேரும் மூஞ்சி தொங்கிப் போய் எறங்கறத கேபின் ஓட்டை வழியா பாக்கவே கஷ்டமா இருக்கும். "நாலு வாரத்துல ஓடிடில வந்துரும்"னு ஊர்ல பாதி பேர் ஒக்காந்தா அந்தப் படம் நாலு நாளே தாங்காது. லப்பர் பந்து மாதிரி ஒண்ணு பொழச்சுதுன்னா மொத மூணு நாள் போனவன் வெளிய வந்து நாலு பேர்கிட்ட சொன்னதாலதான். கடலூர்க்காரர் சொன்ன பஸ் கஷ்டம் நெசம், அதுக்கு நான் மறுப்பு சொல்லல, ஆனா பாண்டிக்குள்ள இருக்கறவங்களுக்கு அந்த சாக்கு கெடையாது.

எங்க காலத்துல படச்சுருள் பொட்டி வந்துச்சான்னு ரசிகர் மன்றத்துக்காரங்க வாசல்ல நிப்பாங்க. இப்ப படம் முன்னாடியே சர்வர்ல ஏறிரும், ஆனா கேடிஎம்னு ஒரு சாவி வரணும், அதுல எந்த தேதி எத்தன மணிலருந்து ஓட்டலாம்னு இருக்கும், சாவி வரலன்னா படம் தெறக்காது. மொத ஷோவுக்கு சாவி லேட்டாகி, உள்ள ஜனம் கத்த, நான் ஸ்க்ரீனையே பாத்துட்டு நின்ன நாள் எல்லாம் இருக்கு. பச்ச லைட்டு வந்ததும் பட்டன அமுக்கிட்டு ஜனத்தத்தான் பாப்பேன். படம் நல்லாருக்கா இல்லையான்னு எனக்கு சொன்னது எப்பவுமே அந்த ஜனம்தான், தம்பி சொல்றது முழுக்க சரி.

நைட்ஷோ முத்தியால்பேட்டை:

பேய் படத்துக்கு தியேட்டர்தான் ப்ரோ, பேச்சே இல்ல. டிமான்டி காலனி 2 (2024 ஆகஸ்ட் 15) நைட் ஷோ பாத்தோம், ஒரு எடத்துல சத்தமே இல்லாம இருக்கும்போது எவனோ இருமுனான், மொத்த வரிசையும் தூக்கிவாரிப் போட்டுச்சு. வீட்ல பயம் வந்தா வால்யூம கொறச்சுருவோம்ல, அங்க கொறைக்க முடியாது.

லோகா பத்தி யாருமே பேசலயே? மலையாளம்தான், ஆனா கள்ளியங்காட்டு நீலிங்கற யட்சி கதைய இன்னிக்கு பெங்களூர்ல கொண்டு வந்து வெச்சிருப்பாங்க பாருங்க, செம்ம யோசனை. கல்யாணி பிரியதர்ஷன்தான் ஹீரோ, அவங்க சண்ட போடும்போது என் தங்கச்சி மூஞ்சிய பாக்கணுமே. இந்த மாதிரி ஒண்ணு நம்ம ஊர் காட்டேரி, முனி கதைய வெச்சு தமிழ்ல யாராவது எடுக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு.

கிருஷ்ணா நகர் வாசி:

அமரன பத்தி, அந்த ஆர்மி மேஜர் முகுந்த் வரதராஜன் கதைய பத்தி சொல்லியே ஆகணும். 2024 தீபாவளிக்கு குடும்பத்தோட போனோம். சண்டக் காட்சி எல்லாம் தியேட்டர் சத்தத்துல நல்லா இருந்துச்சுதான், ஆனா எங்க யாருக்கும் அது மனசுல நிக்கல, செத்துப்போன புருஷனுக்கு குடுக்கற அசோக சக்ராவ சாய் பல்லவி வாங்க போற எடம்தான் நின்னுச்சு. பெரிய படம்னு போனோம், அதுக்குள்ள இருந்த சின்ன கதைதான் எங்களோட வீட்டுக்கு வந்துச்சு. சரியா ஒரு மாசம் கழிச்சு ஃபெஞ்சல் புயல், எங்க ஏரியாவுல ஆளு கழுத்து வரைக்கும் தண்ணி, டிசம்பர் 1 காலைல ஆர்மிக்காரங்க போட்ல வந்தாங்க. எங்க அம்மாவ தூக்கி போட்ல ஒக்கார வெச்ச பையனுக்கு இருவத்தஞ்சு வயசு கூட இருக்காது, தமிழும் தெரியாது. அம்மா அவன் கையப் புடிச்சுட்டு விடவே இல்ல. படத்த பாக்காம இருந்தா அவங்களுக்கு அவன் யாரோ ஒரு சிப்பாய்தான், பாத்ததால அவனுக்கும் வீட்ல ஒரு பொண்டாட்டியோ அம்மாவோ போன் பக்கத்துல உக்காந்திருக்கும்னு தோணிருக்கு, "வீட்டுக்கு பேசுனியாப்பா"ன்னு சைகைல கேட்டாங்க. சினிமா என்ன பண்ணும்னு கேக்கறவங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன்.

பைசனும் தியேட்டர்தான். 1994 ஹிரோஷிமா ஏசியன் கேம்ஸ்ல தங்கம் வாங்குன கபடி டீம்ல ஆடுன மணத்தி கணேசன் வாழ்க்கைலருந்து எடுத்த கத, எங்க மாமா பொங்கலுக்கு பொங்கல் ஊர்ல கபடி ஆடுனவரு, படம் ஓடும்போது அவரு காலு சும்மாவே இல்ல, ரெய்டு வரும்போதெல்லாம் முன் சீட்ட ஒதைக்கறாரு.

லாஸ்பேட்டை பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல. கடலூர் அண்ணே, மெய்யழகன் விஷயத்துல மட்டும் நான் விட மாட்டேன், நான் பாத்த ஷோவுல யாரும் சிரிக்கல, எல்லாரும் கடைசி வரைக்கும் அசையாம இருந்தாங்க. தப்பான கூட்டம் மாட்டுனா அது படத்தோட தப்பா? ஆனா பஸ் விஷயத்துல நீங்க சொன்னத நான் யோசிக்கவே இல்ல, நெசமாவே அது பெரிய கஷ்டம்தான். ஆபரேட்டர் ஐயா எழுதுனத அப்பாவுக்கு படிச்சு காட்டுனேன், அந்த மூணு நாள் கணக்கு அவருக்கு புதுசு. இனிமே மாசத்துக்கு ஒரு சின்ன படம், மொத சனிக்கெழமையே குடும்பத்தோட போறதுன்னு பேசி முடிச்சிருக்கோம். அக்கா குடும்பம் வரும்போது எந்தப் படம் ஓடுதோ அதுலருந்தே ஆரம்பிக்கறோம்.

பாகூர் அக்கா:

சந்தோஷம்பா. நெய்வேலிலருந்து வர்ற புள்ளைங்களுக்கு என்ன வயசுன்னு கேட்டு சர்டிஃபிகேட் பாத்துட்டு புக் பண்ணு. சனிக்கெழம சாயங்காலம் டூரிஸ்ட் வண்டி நெறைய வரும், அண்ணா சாலைல பார்க்கிங் கெடைக்காது, மேட்னிக்கு போயிட்டு வெளிய வந்ததும் அப்படியே புள்ளைங்கள பீச் ரோட்டுக்கு கூட்டிட்டு போ, ஆறு மணிக்கு மேல வண்டி விட மாட்டாங்க, ஓடி வெளயாடட்டும்.

கடலூர் ஓடி:

தம்பி, நீங்க போற சனிக்கெழமைய இங்க சொல்லுங்க, நானும் தங்கச்சியும் பஸ் ஏறி வர்றோம். மேட்னின்னா எங்களுக்கும் வசதிதான்.