எலிஃபென்ட் (2003): முதல் தடவை பார்க்கப் போறவங்களுக்கு

ஒரு அமெரிக்கப் பள்ளியில் ரெண்டு மாணவர்கள் நடத்துற துப்பாக்கிச்சூடு பற்றிய 81 நிமிஷப் படம், கஸ் வான் சான்ட் இயக்கியது. அந்த வருஷம் கான் திரைப்பட விழாவில் உச்ச விருதான தங்கப்பனை, சிறந்த இயக்குநர் ரெண்டும் இதுக்கே. பார்க்கிறதுக்கு முன்னாடி டிவியில் ஜூமை அணைச்சிடுங்க. 4:3 சட்டகம், ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால்தான் சரி. திரையை நிரப்பினால் மேலேயும் கீழேயும் வெட்டுப்படும். நடக்கிற பையன் முதுகுக்குப் பின்னாடியே கேமரா போகிற படத்தில் தரை போச்சுன்னா தாழ்வாரத்தோட நீளமே தெரியாது.

—

மஞ்சள் டீஷர்ட் போட்ட மாணவன் ஜானை இன்னொரு மாணவன் எலியாஸ் தாழ்வாரத்தில் நிறுத்தி ஃபோட்டோ எடுக்கிற இடத்தைக் குறிச்சு வச்சுக்கோங்க. அதே தருணம் மூணு தரம் வரும்: ஜானோடு, எலியாஸோடு, அவங்களைத் தாண்டி ஓடுற மிஷெலோடு. இந்த முடிச்சு பிடிபட்டால் மத்த காலக் குழப்பம் தானா அவிழும். இல்லைன்னா, ஜான் வெளியே நாயோட நிக்கும்போது சுடப்போற அலெக்ஸும் எரிக்கும் பைகளோட உள்ளே போறதைப் பார்த்து "ஆரம்பிச்சிடுச்சு"ன்னு நிமிர்ந்து உக்காருவீங்க. படமோ பின்னாடி போய் மறுபடி தாழ்வாரத்தில் நடக்கும். பொறுமை போறது இங்கதான்.

—

ஃபோன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். சுற்றுப்புறச் சத்தங்களை வச்சு இசையமைக்கிற ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப்போட சூழல் ஒலித் துண்டுகளை உள்ளே கலந்திருக்காங்க. பள்ளிக்குச் சம்பந்தமே இல்லாத சத்தம் மெல்லக் கசியும். ஹெட்ஃபோன் இல்லாமல் அது பிடிபடாது. மைதானக் காட்சியில் பீத்தோவனோட பியானோ இசை மூன்லைட் சொனாட்டா. பிறகு அலெக்ஸே அடித்தள அறையில் பியானோவில் பீத்தோவன் வாசிக்கிறான், கேமரா அறையைச் சுற்றுது, பக்கத்தில் எரிக் லேப்டாப்பில் சுடுற கேம் ஆடுறான். அவசரமே இல்லாத ஷாட்.

—

"ஏன் சுட்டாங்கன்னு காரணமே சொல்லலையே"ன்னு கேக்கிறவங்களுக்கு: கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்தது அமெரிக்காவின் கொலராடோவில், 1999 ஏப்ரல் 20. கதை அதன் சாயல்தான், மறுநடிப்பு இல்லை. எடுத்தது போர்ட்லாண்டில், மாணவர்களா வர்றவங்க பெரும்பாலும் நடிப்பு அனுபவம் இல்லாதவங்க, பலருக்குச் சொந்தப் பேரே பாத்திரப் பேர், வசனமும் நிறைய அந்த இடத்திலேயே பிறந்தது. வகுப்பில் அலெக்ஸ் மேல எறியற உருண்டைகள், டிவியில் நாஜி ஆவணப்படம், வீட்டுக்குப் பார்சலா வர்ற துப்பாக்கி எல்லாம் இருக்கு. எதையும் விடையா நீட்டலை. பார்சல் காட்சி மட்டும் போதும், நாஜி விஷயம் அனாவசியம் என்பது என் கட்சி.

—

நேரமிருந்தால் ஆலன் கிளார்க்கோட 1989 படத்தை முதல்ல பாருங்க. அதுக்கும் இதே பேர், பிபிசிக்காக எடுத்தது, 39 நிமிஷம். வட அயர்லாந்துக் கொலைகள்: பின்னாலேயே நடக்கிற கேமரா, சுடுறது, கீழே கிடக்கிற உடல் மேல நீளும் ஷாட், அடுத்தது. வசனம் கிட்டத்தட்ட இல்லை. வான் சான்ட் தலைப்பையும் நடையையும் எங்கிருந்து எடுத்தார்னு பத்தே நிமிஷத்தில் தெரிஞ்சிடும்.