விட்ஸ் 2008 ஸ்டியரிங் வீல் வீட்டிலேயே மாத்தலாமா? எயார்பேக், ஸ்பைரல் கேபிள் சந்தேகங்கள்

ஆரையூரான் (ஆரையம்பதி)

எல்லாருக்கும் வணக்கம். வாகனம் டொயோட்டா விட்ஸ், 2008, மொடல் குறியீடு கேஎஸ்பி90. ஸ்டியரிங் வீலின் மேல்தோல் வெயிலில இளகி, கையில கறுப்பாப் பிசுபிசுன்னு ஒட்டுது. கொழும்பு பஞ்சிகாவத்தை பழைய உதிரிப்பாகக் கடையில இருந்து அதே மொடல் வாகனத்தின் லெதர் வீல் ஒண்டு எயார்பேக்கோட சேர்த்து எடுத்திருக்கன். புது வீலில ஓடியோ சுவிட்ச் இருக்கு, என்னுடையதில இல்ல.

1. பெட்டரி கழட்டி எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?
2. வீலோட வந்த எயார்பேக்கைப் போடுறதா, என்னுடையதையே போடுறதா?
3. புல்லர் (வீலை இழுத்துக் கழட்டுற கருவி) இல்லாமக் கழட்டலாமா?
4. மாத்தினதுக்குப் பிறகு வீல் நேரா நிக்காட்டி என்ன செய்யிறது?

கையில இருக்கிறது சொக்கெட் செட், ஸ்குறூ ட்ரைவர், ஒரு பவர் பார் (சொக்கெட்டுக்குப் போடுற நீளக் கைப்பிடி).

---

ஸ்பெனர்_கல்முனை

தம்பி, இது வீட்டில செய்யக்கூடிய வேலைதான். ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்க, அவசரப்படாதீங்க. முதல்ல டி30 டோர்க்ஸ் பிட் ஒண்டு வாங்குங்க. நட்சத்திர வடிவ தலை உள்ளது. எயார்பேக்கைப் பிடிச்சிருக்கிற ரெண்டு ஸ்குறூவும் அதுக்குத்தான் கழரும். எலன் கீயையோ தட்டை ஸ்குறூ ட்ரைவரையோ திணிச்சா தலை வழுக்கிரும். கடற்காத்துப் படுற பக்கத்தில நிக்கிற வாகனங்களில அந்த ஸ்குறூ துருப்பிடிச்சும் இருக்கும், ஒருக்கா வழுக்கினா பிறகு துளைச்சுத்தான் எடுக்கணும். எயார்பேக்குக்குப் பக்கத்தில ட்ரில் பிடிக்கிற நிலைமை ஒருத்தருக்கும் வரக்கூடாது.

வேலை தொடங்க முந்தி மட்டமான, நேரான பாதையில வாகனத்தை ஓட்டி, வீல் சரியா நடுவில நிக்குதா எண்டு பாருங்க. இப்பவே ஒரு பக்கம் சாய்ஞ்சு நிண்டா அதைக் குறிச்சு வைங்க. பிறகு "நான் மாத்தினதாலதான்" எண்டு குழம்பத் தேவையில்ல. முன் டயர் நேரா நிக்க நிப்பாட்டி, திறப்பை லொக் நிலைக்குக் கொண்டு வாங்க, ஆனா வெளியே உருவாதீங்க. உருவினா ஸ்டியரிங் பூட்டிரும்.

பெட்டரியின் நெகட்டிவ் பக்கத்தைக் கழட்டி ஓரமா ஒதுக்குங்க. குறைஞ்சது 90 செக்கன். டொயோட்டா சொல்ற கணக்கு இதுதான். எயார்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ள, விபத்தில பெட்டரி அறுந்தாலும் எயார்பேக் விரியட்டும் எண்டு மின்சாரத்தைச் சேமிச்சு வைக்கிற பகுதி இருக்கு. அது வடிய விடணும். அஞ்சு நிமிசம் விட்டா இன்னும் நல்லம், ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வரலாம்.

வீலின் பின்பக்கம், இடமும் வலமும் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதை நெம்பி எடுத்தா டி30 ஸ்குறூ தெரியும். இந்த ஸ்குறூ முழுசா வெளிய வராது. தளர்த்திக்கொண்டு போக, ஸ்குறூவில வெட்டியிருக்கிற பள்ளம் கூட்டுக்குள்ள மாட்டி நிண்டிரும், அதோட நிப்பாட்டுங்க. இன்னும் வரல்லையே எண்டு இழுத்து உடைக்கிற ஆக்கள் நிறைய.

கழண்ட எயார்பேக்கை மெல்ல முன்னால இழுங்க, பின்னால மஞ்சள் கனெக்டர் இருக்கும். வயரில பாரம் விழ விடாதீங்க. கனெக்டரைத் தொட முந்தி வாகனத்தின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருக்கா கையால தொடுங்க, உடம்பில இருக்கிற நிலைமின் இறங்கட்டும். கனெக்டரின் நடுவில ஒரு லொக் துண்டு இருக்கும். மெல்லிய ஸ்குறூ ட்ரைவரின் நுனியில டேப் சுத்தி அதை மேல தூக்குங்க, பிறகு கனெக்டர் லேசா வரும். லொக்கைத் தூக்காம இழுத்தா காது உடையும். ஹோன் வயரையும் கழட்டுங்க.

எயார்பேக்கை மேசையில வைக்கும்போது லோகோ உள்ள முகம் மேல பார்க்கணும். தூக்கிக்கொண்டு நடக்கும்போது அந்த முகம் உங்கட உடம்புக்கு வெளிய பார்க்கணும். கவிழ்த்து வைச்ச எயார்பேக் வெடிச்சா பின்பக்க இரும்பு அப்படியே கூரைக்கு எழும்பும். வெயிலில வைக்க வேணாம், பிள்ளைகள் ஓடித் திரியிற இடத்திலயும் வேணாம். மீற்றரால அதின் முனைகளை அளந்து பார்க்கவே கூடாது, அந்தச் சின்ன மின்னோட்டமே போதும்.

---

ஸ்பெனர்_கல்முனை

தொடர்ச்சி. நடு நட் 19 மில்லிமீற்றர். ஒருத்தர் வீலை இறுக்கிப் பிடிக்க மற்றவர் தளர்த்தணும். ஸ்டியரிங் லொக்கில மாட்டி வைச்சு முறுக்கினா லொக் பல்லு தேயும். நட்டை முழுசாக் கழட்டாதீங்க, வீல் மாட்டியிருக்கிற ஸ்டியரிங் ஷாஃப்டின் முனையோட மட்டமா, ரெண்டு மூணு புரி பிடிச்சிருக்க விடுங்க. வீல் திடீரெண்டு கழண்டா அந்த நட்தான் உங்கட மூக்கைக் காப்பாத்தும்.

இப்ப ஷாஃப்டிலயும் பழைய வீலின் நடுவிலயும் ஒரே நேர்கோட்டில வெள்ளைப் பெயின்டால ஒரு கோடு போடுங்க.

புல்லர் இல்லாட்டி: சீட்டில நேரா இருந்து, வீலை மூணு மணி, ஒன்பது மணி இடங்களில பிடிச்சு, இடம் வலமா மாறி மாறி ஆட்டிக்கொண்டே உங்கட பக்கம் இழுங்க. விட்ஸில பெரும்பாலும் இதிலயே வரும். வராட்டி புல்லர் எடுங்க. வீலின் நடுவில ரெண்டு புரித் துளை இருக்கும், எம்8 போல்ட், 1.25 புரி. போல்டை அஞ்சு ஆறு சுத்துக்கு மேல இறக்க வேணாம். அந்தப் பக்கத்தால வெளிய வந்து, வீலுக்குப் பின்னால இருக்கிற ஸ்பைரல் கேபிளைக் குத்திரும்.

சுத்தியலால ஷாஃப்டில அடிக்கிறதை மட்டும் செய்யாதீங்க. விபத்தில கொலம் (ஷாஃப்ட் இருக்கிற ஸ்டியரிங் தண்டுக்கூடு) உள்ளுக்குள்ள மடங்கிறதுக்கெண்டு செய்யப்பட்ட அமைப்பு அது, அடியில கெட்டுப்போகும். அதோட விட்ஸில பவர் ஸ்டியரிங் மோட்டரும் டோர்க் சென்சரும் அந்தக் கொலத்திலயேதான் இருக்கு. நாலு அடி அடிச்சா அடுத்த நாள் பி.எஸ். லைட் எரியும், கொலமே மாத்த வேண்டி வரும்.

---

வயரிங்_காத்தான்குடி

ஸ்பெனர் நானா சொன்னதோட ஸ்பைரல் கேபிளைப் பத்தி விரிவாச் சொல்லணும், ஏனெண்டா இந்த வேலையில கெடுறது பெரும்பாலும் அதுதான்.

வீல் கழண்டதும் பின்னால தெரியிற வட்டமான கறுப்பு பிளாஸ்டிக் அது. சிலர் க்ளொக் ஸ்ப்ரிங் எண்டு சொல்லுவாங்க. உள்ளுக்குள்ள நாடா மாதிரி மெல்லிய கேபிள் சுருட்டி வைச்சிருக்கு. நடுவில இருந்து ரெண்டு பக்கமும் ரெண்டரை ரெண்டரைச் சுத்துதான் தாங்கும். வீல் வெளிய வந்த உடனேயே, வேற ஒண்டும் தொட முந்தி, மாஸ்கிங் டேப் ரெண்டு துண்டால அதைச் சுழலாம ஒட்டிருங்க.

தெரியாம அது சுழண்டிருந்தா பயப்படாம நடுவுக்குக் கொண்டு வரலாம். கையால மெல்ல இடப்பக்கமா, மணிக்கூட்டுக்கு எதிரா, இறுகி நிக்கிற வரைக்கும் சுத்துங்க. பலம் போட வேணாம். அங்க இருந்து வலப்பக்கமா ரெண்டரைச் சுத்துத் திருப்பி, மேல் தட்டிலயும் கீழ்க்கூட்டிலயும் உள்ள குறிகளை நேருக்கு நேர் கொண்டு வாங்க. முன் டயர் நேரா நிக்கணும், அது முக்கியம்.

நடுவில இல்லாமப் பொருத்தினா அண்டைக்கு ஒண்டும் தெரியாது. எல்லாம் வேலை செய்யும். பிறகு ஒரு நாள் வாகனத்தைத் தரிக்க முழுசா ஒரு பக்கம் ஒடிக்கும்போது நாடா இழுபட்டு அறும். ஹோன் அடிக்காது, எஸ்.ஆர்.எஸ். லைட் (எயார்பேக் எச்சரிக்கை விளக்கு) நிரந்தரமா எரியும். ஸ்கேன் பண்ணினா பி1801 (B1801) எண்ட பிழைக்குறி வரும், டிரைவர் பக்க எயார்பேக் வயர் அறுந்திருக்கு எண்டு அர்த்தம். பி1800 வந்தா ஷோர்ட்.

ஓடியோ சுவிட்ச் விசயம்: சுவிட்சுக்கான வயர் ஸ்பைரல் கேபிள் ஊடாகத்தான் போகணும். உங்கட வாகனம் சுவிட்ச் இல்லாமலே வந்தது எண்டா, உங்கட ஸ்பைரல் கேபிளில அந்தப் பின்கள் இல்லாம இருக்கலாம். வீலைக் கழட்டினதும் கேபிளின் மேல்பக்க சொக்கெட்டில எத்தனை பின் இருக்கு எண்டு எண்ணிப் பாருங்க. எயார்பேக்குக்கும் ஹோனுக்கும் மட்டும் இருந்தா, சுவிட்ச் அழகுக்கு மட்டும்தான். கேபிளை மாத்துறதெண்டா வி.எஸ்.சி. (வாகனம் சறுக்காமப் பார்க்கிற அமைப்பு) உள்ள வாகனத்தின் கேபிள் வேற, அதில திருப்புக் கோண சென்சரும் இருக்கும். பார்த்து எடுங்க. வெளிய வயர் இழுத்துக் கட்ட வேணாம், மூணு நாளில சுத்தி அறுந்திரும்.

---

பாதுகாப்பு_அக்கரைப்பற்று

ரெண்டாவது கேள்விக்கு: உங்கட எயார்பேக்கையே போடுங்க. பஞ்சிகாவத்தையில இருந்து வந்ததைப் போடாதீங்க.

அது எந்த வாகனத்தில, எந்த நிலையில இருந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. வெள்ளத்தில மூழ்கின வாகனமா இருக்கலாம், ஒருக்கா வெடிச்சதை மூடியை ஒட்டி வித்திருக்கவும் கூடும். தக்காட்டா நிறுவனத்தின் எயார்பேக் பிரச்சினையும் மறக்கக்கூடாது. அதில வாயு உண்டாக்க அம்மோனியம் நைட்ரேட் பாவிச்சாங்க. வெப்பமும் ஈரப்பதனும் சேர்ந்து வருசக்கணக்கில அதைக் கெடுக்கும். கெட்டது வேகமா எரிஞ்சு உலோகக் கூடு சிதறி, ஓட்டுறவங்க மேல பாயும். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வாகனங்கள் திருப்பி அழைக்கப்பட்டிச்சு, 2017இல் அந்த நிறுவனம் வங்குரோத்து ஆச்சு. வெப்பமும் ஈரமும் எண்டா எங்கட கரையோரம்தான், வருசம் முழுக்க ரெண்டும் இருக்கு. உங்கட சொந்த வாகனத்தின் செசி நம்பரை ஜப்பான் டொயோட்டாவின் திருப்பி அழைப்புப் பக்கத்தில போட்டுப் பார்க்கிறதும் நல்லம்.

உங்கட எயார்பேக் புது வீலில சரியா அமருதா எண்டு எல்லாத்துக்கும் முந்திப் பாருங்க. ஸ்போக் எண்ணிக்கையும் மூடியின் வடிவமும் ஒண்டா இருக்கணும். அமராட்டி அந்த வீல் உங்களுக்கு இல்ல. குடுத்துட்டுப் பழைய வீலைக் குஷன் கடையில லெதர் போட்டுத் தைச்சு எடுங்க. உண்மையில பிசுபிசுப்பு மட்டும்தான் பிரச்சினையெண்டா அதுவே போதும், எயார்பேக்கைத் தொடாமலே வேலை முடியும். நடுவில மூடி மேல மட்டும் தோல் ஒட்ட விடாதீங்க, எயார்பேக் கிழிச்சுக்கொண்டு வரவேண்டிய இடம் அது.

மிஞ்சின எயார்பேக்கைக் குப்பையிலயோ நெருப்பிலயோ போடாம வித்த இடத்துக்கே திருப்பிக் குடுங்க.

---

ஸ்பெனர்_கல்முனை

பொருத்துறது. ஸ்பைரல் கேபிளின் வயர்களை வீலின் துளையால முன்னுக்கு எடுத்து, மாஸ்கிங் டேப்பைக் கழட்டி, பழைய வீலில கோடு இருந்த அதே இடத்தில புது வீலிலயும் கோடு போட்டு, ஷாஃப்டின் கோட்டுக்கு நேரா ஏத்துங்க. கேபிளின் ரெண்டு முளையும் வீலின் பள்ளத்தில உக்காரணும், உக்காராம நட்டை இறுக்கினா முளை நசுங்கும்.

நட் இறுக்கம் 50 நியூட்டன் மீற்றர். டோர்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து இறுக்கிற கருவி) இல்லாட்டி, நடுவில இருந்து 25 சென்ரிமீற்றர் தூரத்தில 20 கிலோ பாரம் தொங்கினா வாற இறுக்கம் அது. பவர் பாரில ஏறி நிக்க வேணாம். எயார்பேக் ஸ்குறூ 8.8 நியூட்டன் மீற்றர்தான், சின்னப் பிடியால நல்லா இறுக்கினாப் போதும்.

மஞ்சள் கனெக்டரை லொக் மேல தூக்கின நிலையில தள்ளி, பிறகு லொக்கை "டிக்" எண்டு அமத்துங்க. ஹோன் அடிக்குதா எண்டு பார்க்கிறதுக்காக எயார்பேக் கொழுவாம இக்னிஷன் போடாதீங்க. போட்டா பிழைக்குறி பதிஞ்சு எஸ்.ஆர்.எஸ். லைட் அணையாம எரியலாம், அதை அழிக்க ஸ்கேனர் தேவைப்படலாம்.

எல்லாம் கொழுவினதும் பெட்டரி. இக்னிஷன் ஓன் பண்ணினா எஸ்.ஆர்.எஸ். லைட் ஆறு செக்கன் போல எரிஞ்சு அணையணும். முதல்தரம் ஓன் பண்ணும்போது தலையை வீலுக்கு முன்னால நீட்டாதீங்க, கதவுப் பக்கம் நிண்டு கையை மட்டும் நீட்டித் திருப்புங்க. பெட்டரி கழட்டினதால டிரைவர் ஜன்னல் ஓட்டோவா ஏறாட்டிப் பாதி இறக்கி, முழுசா ஏத்தி சுவிட்சை ரெண்டு செக்கன் கூடப் பிடிங்க.

---

ஆரையூரான்

எல்லாருக்கும் மிக்க நன்றி. என்ட எயார்பேக் புது வீலில சரியா அமருது. லைட்டும் அணையுது, ஹோனும் அடிக்குது. ஆனா நேரா ஓடும்போது வீல் கொஞ்சம் இடப்பக்கம் சாயுது, ஒரு அஞ்சு டிகிரி இருக்கும். கழட்டி ஒரு பல் தள்ளிப் போடவா?

---

ஸ்பெனர்_கல்முனை

வேணாம். 36 பல் உள்ள ஷாஃப்டில ஒரு பல் தள்ளினா 10 டிகிரி மாறும். இடப்பக்கம் அஞ்சு சாஞ்சது வலப்பக்கம் அஞ்சு சாயும், அவ்வளவுதான். பத்துக்குக் கிட்ட சாய்ஞ்சா மட்டும் பல்லை மாத்துங்க.

முதல்ல டயர் காத்து ரெண்டு பக்கமும் சமமா எண்டு பாருங்க. பிறகு வீல் அலைன்மென்ட் எடுக்கிற இடத்தில, ஸ்டியரிங் வீலை நேரா வைச்சுப் பூட்டி, ரெண்டு டை ரொட்டையும் (முன் டயரைத் திருப்புற தண்டுகள்) சம அளவில, ஒண்டை நீட்டி மற்றதைக் குறைச்சு சரிப்படுத்தச் சொல்லுங்க. ஒரு பக்கத்தை மட்டும் திருப்பினா டோ (முன் டயர்கள் உள்ளுக்கோ வெளியவோ பார்க்கிற கோணம்) மாறி டயர் ஓரம் தேயும்.

---

ஆல்டோ_செங்கலடி

இடையில ஒரு கேள்வி. எயார்பேக் இல்லாத ஆல்டோ 800க்கும் இதே முறைதானா?

---

வயரிங்_காத்தான்குடி

அதில எயார்பேக் வேலை ஒண்டும் இல்ல. பெட்டரி கழட்டுங்க, இல்லாட்டி வேலை முழுக்க ஹோன் அலறும். நடு மூடியை எடுத்து, ஹோன் வயரைக் கழட்டினா நட் தெரியும். நட்டை முனையில விட்டு ஆட்டி இழுக்கிறது, கோடு போடுறது, சுத்தியல் தொடாதது எல்லாம் அதேதான். பொருத்தினதும் ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, ஒவ்வொரு நிலையிலயும் ஹோன் அடிச்சுப் பாருங்க. சில இடத்தில மட்டும் அடிக்காட்டி பின்னால இருக்கிற, ஹோனுக்கு மின்சாரம் கடத்துற தொடுவளையம் அழுக்கு, சாண்ட் பேப்பரால மெல்லத் தேய்ச்சுத் துடைங்க.