வரலாற்றுப் பாடத்தில் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வெள்ளவத்தை ரீச்சர்
அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் அரசன் எல்லாளன், அவனைப் போரில் வென்ற சிங்கள அரசன் துட்டகைமுனு, அந்தப் பாடம் தெரியும்தானே. ரியூசனில் ஒரு பெடியன் "கைமுனு நாட்டை ஒன்றுபடுத்தினான்" என்று எழுதிவிட்டுக் கேட்டான்: "ரீச்சர், எல்லாளன் 44 வருசம் ஆண்டபோது அநுராதபுரம் யாருடைய நாடு?" பின்வாங்கில் சிரிப்பு. "மார்க்ஸ் வேணுமெண்டால் புத்தகத்தில் இருக்கிறதை எழுது" என்றேன். அடிமட்டத்தை எடுத்தான். எழுதிய வரியின் கீழே ஒரு கோடு இழுத்தான், தாள் கிழிகிற மாதிரி. பதில் மட்டும் சரி.

மருதானை வாப்பா
மகனோடு தேசிய நூதனசாலைக்குப் போயிருந்தேன். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கல்வெட்டு இருக்கிறதே, 1409ஆம் ஆண்டுக் கல், 1911இல் காலியில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உண்டு, சிங்களம் இல்லை. பக்கத்தில் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகள் நின்றார்கள். ஒரு சின்னப்பிள்ளை கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு, எங்கள் எழுத்து எங்கே என்று சிங்களத்தில் கேட்டது. அவர்களின் ஆசிரியர் அடுத்த அறைக்குக் கூட்டிப்போய்விட்டார். பாவம் அந்தப் பிள்ளை. நம் பிள்ளைகள் மட்டும்தான் தேடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

கொட்டாஞ்சேனை 13
மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் வகுப்பில் மணி அடிக்க முன் முடிந்தது. அம்மம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், நாடற்றவராகவே பல வருசம் இருந்தவர். கையை உயர்த்தினேன், சேர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

ஆனால் ரீச்சர், உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெடியனின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் புத்தகத்தில் இருக்கிறதையே எழுதச் சொல்வது என்ன நியாயம்? எல்லாளன் நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே நீதி வழங்கினான் என்பது பௌத்த பிக்குகள் எழுதிய பழைய வரலாற்று நூலான மகாவம்சத்திலேயே இருக்கிறது. அவனுக்கு நினைவிடம் கட்டியதே கைமுனுதான். அந்த வழியால் போகிறவர்கள் வாத்தியத்தை நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்ற வழக்கமும் அவனோடு வந்ததுதான். அதைப் பெடியனுக்குச் சொல்லியிருக்கலாமே? வாப்பா செய்த மாதிரி மியூசியத்துக்காவது கூட்டிப்போங்கள். பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சிங்களப் புத்தகத்தையும் தமிழ்ப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து ஒருநாள் வாசிக்க விடுங்கள், அப்புறம் பாருங்கள்.

வெள்ளவத்தை ரீச்சர்
தம்பி, வாத்தியம் நிறுத்திய கதை எனக்கும் தெரியும். டிசம்பரில் பிள்ளைகளுக்குச் சோதனை. அது வினாத்தாளில் வந்தால் முதல் ஆளாகச் சொல்லித் தருகிறேன்.