வெறும் துப்பாக்கி என்று ஒன்று உண்டா?

கானாடுகாத்தான் பேரன்:
போன வாரம் எங்கள் வீட்டில் படைப்பு, பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தோம். பித்தளைச் சாமான் எடுக்கப் பெட்டக அறையைத் திறந்தால், மூலையில் தோல் உறையோடு ஐயாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி. ஐயா தவறி ஏழு மாதம் ஆகிறது, லைசென்ஸ் அவர் பெயரில்தான். சித்தப்பா மகன் அதை எடுத்துத் தோளில் சாய்த்து முகப்பில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, வளவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த தங்கச்சி பக்கம் விளையாட்டாக நீட்டினான். அப்பத்தா போட்ட சத்தத்தில் மூன்றாம் கட்டிலிருந்து சமையல்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அவனோ, "தோட்டாவே இல்லை அப்பத்தா, முப்பது வருஷமா யாரும் தொடலை" என்கிறான். "நீ திறந்து பார்த்தியா?" என்று அப்பத்தா கேட்டதற்குப் பதில் இல்லை. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா போட்டதாகவே நினைத்துத்தான் தொட வேண்டும் என்பார்களே, அது சரியான விதியா, சும்மா பயமுறுத்தலா? வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை.

மானகிரி மாமா:
ஆளை நோக்கி நீட்டியவன் முதுகில் ஒன்று வைத்திருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் "எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் தோட்டா கெட்டித்ததே" என்பது ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கர் சொன்ன நாலு விதிகளில் முதலாவது. அமெரிக்க மரீன் படையில் அதிகாரியாக இருந்து, 1976-இல் அரிசோனாவில் சுடப் பழக்கும் பள்ளி ஆரம்பித்தவர். பெரிய ஆள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியம் பொய். குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து உள்ளே துரு இருக்கிறதா என்று பார்க்கிறோம், அப்போது அது கெட்டித்த துப்பாக்கியா? அமெரிக்கத் தேசிய ரைபிள் சங்கத்தின் மூன்று அடிப்படை விதிகளை எடுத்துப் பாருங்கள். குழல் பத்திரமான திசையில் இருக்கட்டும், சுடும் வரை விசையில் விரல் வேண்டாம், பயன்படுத்தும் வரை தோட்டா வேண்டாம், அவ்வளவுதான். தினமும் மீற வேண்டிய விதியை யார் மதிப்பார்கள்? திறந்து பார், காலி என்றால் காலி. கண்ணை நம்பு.

பட்டாளத்தார்:
மாமா, இருபத்திரண்டு வருஷம் துப்பாக்கியோடு படுத்து எழுந்தவன் நான். காலி என்று சொல்லிக் கொடுத்தாலும், கொடுப்பவர் மேஜரே ஆனாலும், வாங்கியதும் நானே திறந்து பார்ப்பேன், அவரும் அதைத் தப்பாக நினைக்க மாட்டார். அது பொய்யை நம்புவது இல்லை, கையைப் பழக்குவது. கண்ணை நம்பு என்கிறீர்களே, பிஸ்டலில் தோட்டா அடுக்கிய மேகசினை உருவிவிட்டுக் காலி என்று நினைப்பவர்கள் எத்தனை பேர் தெரியுமா? குழலின் பின்பக்கத்து அறையான சேம்பரில் ஒன்று உட்கார்ந்திருக்கும். சிலர் முதலில் மேல்மூடியான ஸ்லைடைப் பின்னால் இழுத்துத் தோட்டாவைத் தள்ளிவிட்டு அப்புறம் மேகசினை எடுப்பார்கள், ஸ்லைடு திரும்பும்போதே மேகசினில் இருந்து அடுத்தது ஏறியிருக்கும். அவர்களும் "நான் பார்த்தேன்" என்றுதான் சத்தியம் செய்வார்கள்.

மானகிரி மாமா:
வரிசையாகச் செய்யத் தெரியாதவனுக்கு வரிசையைச் சொல்லிக் கொடுங்கள். அதை விட்டுவிட்டு மந்திரம் சொல்லிக் கொடுத்தால், மந்திரம்தான் மனப்பாடம் ஆகும்.

தேவகோட்டை ஆச்சி:
மாமாவுக்கு ஒரு கேள்வி. 2024 அக்டோபர் 1-ஆம் தேதி இந்தி நடிகர் கோவிந்தா மும்பையில் தன் வீட்டிலேயே, தன் லைசென்ஸ் ரிவால்வரை எடுத்து வைக்கும்போது குண்டு பாய்ந்து காலில் அறுவை சிகிச்சை வரை போனாரே. துப்பாக்கி தெரியாதவரா அவர்?

மானகிரி மாமா:
ஆச்சி, அது உண்மையிலேயே தோட்டா இருந்த துப்பாக்கி. காலி செய்து வைத்திருந்தால் கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. என் கட்சிக்குத்தான் அது சாட்சி. 2021 அக்டோபரில் நியூ மெக்ஸிகோவில் படப்பிடிப்பில் பெண் ஒளிப்பதிவாளர் ஒருவர் இறந்ததும் அப்படித்தான். காலி என்ற அர்த்தத்தில் "கோல்டு கன்" என்று வாயால் சொல்லி நடிகர் கையில் கொடுத்ததாக விசாரணையில் வந்தது. ஒவ்வொரு தோட்டாவையும் வெளியே எடுத்துப் பார்த்திருந்தால் அந்த உயிர் போயிருக்காது.

பட்டாளத்தார்:
பார்த்திருந்தாலும் போகாது, கேமரா பக்கம் நீட்டாமல் இருந்திருந்தாலும் போகாது. இரண்டில் ஒன்று தவறினாலும் இன்னொன்று தாங்கும் என்றுதான் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஒன்றே போதும் என்கிறீர்கள்.

பள்ளத்தூர் வாசகன்:
நடுவில் நுழைகிறேன். திறந்து பார் என்பதெல்லாம் மடக்கித் தோட்டா போடும் துப்பாக்கிக்குச் சரி. எங்கள் தோட்டத்தில் பன்றி விரட்ட ஒரு காலத்தில் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியை எங்கே திறப்பது? மருந்தும் ரவையும் வாய் வழியாகப் போவது, பின்பக்கம் மூடியே இருக்கும். மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு இல்லை என்பதால் காலி என்று சொல்ல முடியாது. இடிக்கிற கம்பியை உள்ளே விட்டு, வாயோடு சேர்த்து விரலால் பிடித்து, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்து அளக்க வேண்டும். கேப்பு மாட்டுகிற இடம் வரை கம்பி எட்டினால் காலி, நாலு விரல் குறைந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது. பழசு, மருந்து செத்துப் போயிருக்கும் என்றும் நினைக்கக் கூடாது, கரிமருந்து நனையாமல் இருந்தால் எத்தனை வருஷமானாலும் உயிரோடு இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்யப் போய் 2008-இல் வர்ஜீனியாவில் சேகரிப்பாளர் ஒருவர் இறந்தார், போர் முடிந்து 140 வருஷம் கழித்து. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் பார்க்கப் போகும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

மானகிரி மாமா:
நாட்டுத் துப்பாக்கி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அளந்து பார்க்கத் தெரியாதவன் அதைத் தொடவே கூடாது.

தேவகோட்டை ஆச்சி:
"முப்பது வருஷமா யாரும் தொடலை" என்று அந்தத் தம்பி சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். லைசென்ஸ் உயிரோடு இருந்ததென்றால் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லியிருப்பார்கள், ஐயா கொண்டுபோய்க் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கி வந்திருப்பார். யாரும் தொடவில்லை என்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்பதுதானே? எங்கள் வீட்டில் அரியக்குடிப் பூட்டுச் சாவி எங்கே என்று கேட்டாலே ஆளுக்கு ஓர் இடம் சொல்வார்கள்.

பட்டாளத்தார்:
ஆச்சி, சரியாகப் பிடித்தீர்கள். பேரன் தம்பி, விவாதம் இருக்கட்டும், முதலில் காரியத்தைப் பாருங்கள். லைசென்ஸ்காரர் தவறிவிட்டால் துப்பாக்கியைக் காலம் கடத்தாமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும், வேண்டுமென்றால் வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். நீங்களாகக் காரில் போட்டுக்கொண்டு போக வேண்டாம், ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். அந்தப் போட்டோவையும் எங்கும் போட வேண்டாம் என்று உங்கள் சித்தப்பா மகனிடம் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் பேரன்:
நேற்று முடிந்தது. ஸ்டேஷனில் சொன்னோம், ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரர் ஒருவரோடு வந்தார்கள். அறைக்குள் எங்களை விடவில்லை, அவர் மட்டும் போய் உறையை நீக்கி, மேலே இருக்கிற நெம்பைத் தள்ளி மடக்கிப் பார்த்தார். தோட்டா இல்லை. ஆனால் இடது குழலுக்குள் குளவி மண் கூடு கட்டி முக்கால்வாசி அடைத்து வைத்திருக்கிறது. யாராவது தோட்டா போட்டுச் சுட்டிருந்தால் குழல் கையிலேயே பிளந்திருக்கும் என்றார். சித்தப்பா மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மானகிரி மாமா:
பார்த்தீர்களா, காலிதான். திறந்ததால்தானே குளவிக் கூடே தெரிந்தது?

பட்டாளத்தார்:
திறக்கும்போது குழல் எந்தப் பக்கம் இருந்தது தம்பி?

கானாடுகாத்தான் பேரன்:
அரிசி மூட்டை அடுக்கியிருந்த சுவர்ப் பக்கம் அண்ணே. எங்களை முன்கூட்டியே பட்டாலைக்குப் போகச் சொல்லிவிட்டார். திறந்து, விரலை விட்டுத் தடவிப் பார்த்துக் காலி என்று சொன்ன பிறகும் அதே பக்கம்தான் பிடித்திருந்தார், உறையில் போடும் வரை.

மானகிரி மாமா:
அரிசி மூட்டை நல்ல யோசனை. அதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.