புதுப்பிப்பு: பின்னலைப் பிரித்தாச்சு, அடுத்தது போடும் முன்

கெமிக்கலால் நேராக்கிய முடியை ஒரேயடியாக வெட்டாமல் இயற்கைச் சுருளுக்கு மாறுகிறேன், வாரக்கணக்கில் பிரிக்காமல் விட்டுவைக்கும் ஒரு பின்னலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது. பிரித்ததும் கொத்துக் கொத்தாக முடி வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்புதான், பின்னலுக்குள் விழ வழியில்லாமல் வாரக்கணக்கில் சேர்ந்து மொத்தமாக வருகிறது. ஒரு முனையில் வெள்ளைக் குமிழ் இருந்தால் உதிர்ந்தது, இல்லாமல் துண்டாக இருந்தால் உடைந்தது. எனக்கு உடைந்ததெல்லாம் புதுச் சுருளும் பழைய நேர்முடியும் சேரும் இடத்தில், அங்கேதான் முடிக்கு வலு குறைவு. அதனால் தண்ணீர் படும் முன்பே கண்டிஷனர் தடவி, சீப்பைத் தொடாமல் விரலாலேயே நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்தேன் (கை வலி உயிர் போகிறது!). சிக்கோடு நனைத்தால் சடை பிடித்துவிடும், அப்புறம் கத்தரிக்கோல்தான். நேர்முடியில் நுனியை மட்டும் கொஞ்சம் வெட்டினேன்.

இப்போதைக்குப் பின்னாமல் முடியைத் தளர்வாக முறுக்கி மட்டும் விட்டிருக்கிறேன், மண்டைக்கும் ஓய்வு வேண்டாமா? நெற்றியோரத்தைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பின்னினால் அங்கே முடி நிரந்தரமாகவே போய்விடலாம், எனவே அடுத்த தடவை அந்தக் குட்டி முடிகளைப் பின்னலில் சேர்க்கவே வேண்டாம் என்று பின்னிவிடுபவரிடம் சொல்லப்போகிறேன்.