இழை: ‘இன்சிடென்ட்-ஃப்ரீ டோஸ்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

வ.கு. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

முதுகலைச் சுற்றுச்சூழல் பொறியியல் பாடத்தில் ஓர் அலகு மொழிபெயர்ப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அமெரிக்க அணுமின் நிலையங்களில் சேர்ந்து கிடக்கும் பயன்தீர்ந்த எரிபொருளை நிரந்தரமாகப் புதைத்து வைக்க நெவாடாவின் யக்கா மலைக்குக் கொண்டுபோனால் என்னென்ன விளைவுகள் என்று கணித்த முறைதான் பொருள். அந்நாட்டு எரிசக்தித் துறையின் 2002 அறிக்கை இரண்டு வழிகளை ஒப்பிட்டது. பெரும்பாலும் லாரி என்றால் 24 ஆண்டுகளில் சுமார் 53,000 லாரிச் சுமைகள். பெரும்பாலும் ரயில் என்றால் சுமார் 9,600 ரயில் சுமைகள், கூடவே 1,100 லாரிச் சுமைகள்.

ஒவ்வொரு வழிக்கும் இரண்டு கணக்கு உண்டு. வண்டி ஒரு சிக்கலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தாலும் வழியில் இருப்பவர்கள் பெறும் கதிர்வீச்சு ஒன்று, விபத்து நேர்ந்தால் வரக்கூடியது மற்றொன்று. முதலாவதுதான் இன்சிடென்ட்-ஃப்ரீ டோஸ். ‘விபத்தில்லாப் பயணக் கதிரளவு’ என்று போட்டிருக்கிறேன். நிறைவில்லை. வழி சொல்லுங்கள்.

அ.நெ. எழுதியது:

அன்புள்ள வ.கு.,

‘விபத்து’ வடசொல். தனித்தமிழில் ‘நேர்ச்சி’ உண்டு. இங்கு அதுவும் வேண்டாம், ‘ஊறு’ இருக்கிறது. ‘சுவையொளி ஊறோசை நாற்றம்’ என்னும் குறளில் ஊறு என்பது தொடுவுணர்வு. தொடுதலிலிருந்து மோதல், மோதலிலிருந்து காயம், காயத்திலிருந்து தீங்கு என்று பொருள் வளர்ந்திருக்கிறது. வண்டியை எதுவும் மோதாத பயணம் ‘ஊறில் பயணம்’. அகப்பாடல்களில் பயணத்துக்குச் ‘செலவு’ என்ற பெயரும் உண்டு, தலைவன் புறப்பாட்டைத் தள்ளிப்போடும் ‘செலவழுங்குதல்’ அறியாதவர் இங்கு இல்லை. ஆகவே ‘ஊறில் செலவு’. இரண்டே சொல், இரண்டும் நம்முடையவை.

தி.மு. எழுதியது:

ஐயா, வணக்கம். வ.கு. மொழிபெயர்க்கும் அதிகாரத்தில் போக்குவரத்துக்கு ஆகும் பணத்துக்கும் அட்டவணை இருக்கிறது. ‘ஊறில் செலவு’ என்று தலைப்பிட்டால் மாணவர் டாலர் கணக்கைத்தான் தேடுவார்.

அதைவிடப் பெரிய தடை ‘ஊறில்’. தீங்கில்லாத பயணம் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இந்தக் கணக்கைப் போடுவதே, விபத்து இல்லாவிட்டாலும் ஒரு சிறு அளவு எல்லார் மீதும் விழுகிறது என்பதால்தான். எரிபொருள் வைத்த கலனின் எஃகும் ஈயமும் சேர்ந்த தடித்த சுவரையும் காமா கதிரும் நியூட்ரானும் கொஞ்சம் கடந்து வரும். வண்டியின் பக்கத்திலிருந்து 2 மீட்டரில் மணிக்கு 0.1 மில்லிசீவர்ட் (சீவர்ட் என்பது உடல் பெறும் கதிர்வீச்சின் அலகு), ஓட்டுநர் அறையில் மணிக்கு 0.02 மில்லிசீவர்ட் என்பவை அமெரிக்க விதி அனுமதிக்கும் உச்சங்கள். கணிப்பவர்கள் பெரும்பாலும் அந்த உச்சத்தையே வைத்துக் கணிக்கிறார்கள்.

அமெரிக்காவின் சான்டியா ஆய்வகத்தின் ராட்ரான் என்ற கணினி நிரல் 1970களிலிருந்து இதற்குப் பயன்படுகிறது. சாலையின் இருபுறமும் 800 மீட்டர் வரை குடியிருப்போர், அதே சாலையில் மற்ற வண்டிகளில் வருவோர், வண்டி நிற்குமிடங்களில் இருப்போர், வண்டியோடு போகும் பணியாளர் என்று நான்கு கூட்டமாகப் பிரித்துக் கூட்டும். வேகம் பாதியானால் சாலையோரத்தார் பெறும் அளவு இரட்டிப்பாகும். லாரிக்கு டீசல் போடவும் சோதனைக்கும் நிற்கும் நேரம்தான் கணக்கை ஏற்றிவிடும். அங்கே ஆட்கள் சில மீட்டர் தூரத்திலேயே, பல நிமிடம் நிற்கிறார்கள். ரயிலில் எஞ்சினுக்கும் சுமைக்கும் நடுவே வெற்றுப் பெட்டி இருப்பதால் ஓட்டுநருக்குக் குறைவு. ஆனால் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டில் வண்டி மணிக்கணக்கில் நிற்கும், இணைப்பைச் சோதிப்பவர் ஒட்டி நடப்பார். பொதுச் சரக்கு ரயிலில் சேர்த்தால் இது கூடும், தனி ரயில் விட்டால் குறையும்.

இவ்வளவும் ‘எதுவும் நடக்காத’ பயணத்தில் நடப்பவை.

செ. எழுதியது:

செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது ஏன் சுற்றுகிறோம்? ‘அசம்பாவிதம் ஏதுமின்றித் தேர்தல் முடிந்தது’ என்று எழுதாத நாளிதழ் இல்லை. இன்சிடென்ட்-ஃப்ரீக்கு அச்சாகப் பொருந்துவது அதுதான். ‘அசம்பாவிதமற்ற பயணம்’.

அ.நெ. எழுதியது:

பொருந்துகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கலைச்சொல் ஐம்பது ஆண்டு நிற்க வேண்டும். ‘அசம்பாவிதம்’ என்பதிலிருந்து அடுத்த சொல்லை ஆக்க முடியாது. வினை இல்லை, பெயரடை இல்லை, வேர் எதுவென்று மாணவருக்குத் தெரியாது. ‘விபத்து’ ஊரில் கலந்துவிட்டது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இதை நான் ஏற்கமாட்டேன்.

மா. எழுதியது:

‘அசம்பாவிதம் இன்றி’ என்றால் எல்லாம் நலம் என்ற தொனியும் சேர்ந்து வருகிறது. தி.மு. ஐயா சொன்ன அதே குறை. ‘இயல்பான பயணம்’ என்றால் என்ன? ‘இயல்புப் பயணக் கதிரளவு’. எளிது, தமிழ், எவருக்கும் புரியும்.

தி.மு. எழுதியது:

அம்மா, அந்த ஒரு சொல்லை மட்டும் இங்கே செலவிட முடியாது. பன்னாட்டு அணுசக்தி முகமையின் போக்குவரத்து விதிகள் மூன்று நிலை வைத்திருக்கின்றன. முதலாவது ரொட்டீன், அதாவது எதுவும் நிகழாதது. இரண்டாவது நார்மல்: மழை, சிறு விழுதல், உரசல் போன்ற சில்லறை இடர்கள் உள்ளது. மூன்றாவது விபத்து நிலை. ‘இயல்பு’ இரண்டாவதற்கு வேண்டும்.

சோதனைகளும் அப்படியே பிரிகின்றன. இயல்பு நிலைக்குத் தண்ணீர் பீய்ச்சுவார்கள், 15 டன்னுக்கு மேற்பட்ட கலனை 30 செ.மீ. உயரத்திலிருந்து போடுவார்கள். விபத்து நிலைக்கு 9 மீட்டரிலிருந்து நெகிழாத தளத்தில் போடுவார்கள், 1 மீட்டரிலிருந்து 15 செ.மீ. விட்டமுள்ள எஃகுக் கம்பத்தின் மேல் போடுவார்கள், 800 டிகிரி தீயில் 30 நிமிடம் வைப்பார்கள், பிறகு நீரில் அமிழ்த்துவார்கள். முதல் நிலையையும் ‘இயல்பு’ என்றால், 30 செ.மீ. விழுந்த கலனும் விழாத கலனும் ஒரே பெயரில் வந்துவிடும். இதே குழப்பத்தால் ‘நார்மல்’ என்ற ஆங்கிலச் சொல்லையே பலர் தவறாகப் படிக்கிறார்கள். தமிழிலாவது தொடக்கத்திலேயே பிரித்துவிடலாம்.

யோ. எழுதியது:

யாழ்ப்பாணத்தில் நாங்கள் ‘வழமை’ என்போம். ‘வழமைபோல பஸ் வந்தது’ என்றால் நாளாந்தம் நடக்கிறபடி என்று அர்த்தம். நல்லது கெட்டது எதையும் அது சொல்லாது. ‘வழமைப் பயணம்’, ‘இயல்பு நிலை’, ‘விபத்து நிலை’ என்று வைத்தால் மூன்றும் ஒன்றோடொன்று இடிபடாது. அமெரிக்க அணு ஒழுங்காற்று ஆணையத்தின் 2014 ஆய்விலும் இந்தப் பகுதியை ‘ரொட்டீன்’ என்றுதான் அழைத்திருக்கினம்.

தி.மு. எழுதியது:

இதுதான் சரி. ‘வழி’யோடு ஓசை ஒத்திருப்பதும் பயணத்துக்கு நன்று.

அ.நெ. எழுதியது:

வழமைக்கு உடன்படுகிறேன். ‘கதிரளவு’க்கு இல்லை. அளவு என்றால் எதன் அளவு? படு என்னும் வினையிலிருந்து ‘பாடு’ – முதனிலை திரிந்த தொழிற்பெயர், கெடு கேடானதுபோல. வெயில் படுகிறது, கண் படுகிறது. கேளாமலே மேலே விழுவதைச் சொல்லத் தமிழில் இதைவிடப் பொருத்தமான வினை இல்லை. ‘கதிர்ப்பாடு’ என்க.

தி.மு. எழுதியது:

‘கதிர்ப்பாடு’ எக்ஸ்போஷருக்குப் போக வேண்டிய சொல், ஐயா. வெளியிலிருந்து வந்து விழுவது அது. டோஸ் என்பது விழுந்ததில் உடல் வாங்கிக்கொண்டது. அதற்குக் ‘கதிரேற்பு’ என்பேன். பலருடையதைக் கூட்டினால் ‘கூட்டுக் கதிரேற்பு’, அலகு ‘ஆள்-சீவர்ட்’. ஆள்-நாள் கணக்குப் போட்டவர்களுக்கு அது தானாகப் புரியும். ஆயிரம் பேர் ஆளுக்கு 0.01 மில்லிசீவர்ட் பெற்றால் 0.01 ஆள்-சீவர்ட். ஒரு சீவர்ட்டுக்குப் புற்றுநோய் மரண வாய்ப்பு 5 விழுக்காடு என்ற குணகத்தால் பெருக்கினால் 0.0005 புற்றுநோய் மரணம். அறிக்கையில் இப்படித்தான் பின்ன மரணங்கள் வருகின்றன. பக்கத்திலேயே சாதாரணச் சாலை விபத்தில் இறப்போர் எண்ணிக்கை தனிக் கட்டத்தில் இருக்கும். அது கதிர்வீச்சோடு தொடர்பற்றது என்பதை மொழிபெயர்ப்பில் தெளிவாகக் காட்டுங்கள். இரண்டையும் கூட்டி எழுதினால் பாடமே தவறிவிடும்.

மா. எழுதியது:

‘ஏற்பு’ என்றால் ஒப்புக்கொண்டதாக ஆகாதா? சாலையோரத்து வீட்டுக்காரர் எதையும் ஏற்கவில்லை. ‘ஏற்பது இகழ்ச்சி’ என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். கை நீட்டி வாங்குவதுதான் ஏற்றல்.

செ. எழுதியது:

எக்ஸ்ரே அறையில் எல்லாரும் ‘டோஸ்’ என்கிறார்கள். அதையே வைத்தால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

அ.நெ. எழுதியது:

எரிபொருளை வைத்துக் கொண்டுபோகும் கலனுக்கு, அதாவது கேஸ்க்குக்கு, என்ன வைத்தீர்கள்? ‘பீப்பாய்’ போர்த்துகீசியர் தந்தது. புறநானூறு 256இல் ‘ஈமத்தாழி’ உண்டு. அந்தப் பாட்டில் வண்டியும் வருகிறது. சகட்டின் ஆர்க்காலில் ஒட்டிய சிறு வெண்பல்லி, சக்கரம் போகும் வழியெல்லாம் தானும் போகிறது. வண்டியோடு போகும் பணியாளரின் நிலை அதுவே. ‘தாழி’ என்று வைக்கலாம்.

தி.மு. எழுதியது:

பாட்டு உயர்ந்தது, ஐயா. ஆனால் தாழி போன இடத்தில் புதைந்துவிடுவது. போக்குவரத்துக் கலன் இறக்கிவிட்டுத் திரும்பி வரும், மறுபடி நிரப்பப்படும். லாரியில் போவது சுமை ஏற்றியபின் சுமார் 25 டன், ரயிலில் போவது 100 டன்னைத் தாண்டும். மலைக்குள் நிரந்தரமாக வைக்கும் உலோகக் கொள்கலத்துக்குத் தாழி மிகப் பொருந்தும். வண்டியில் போவதற்குக் ‘கவசக் கலன்’ என்போம்.

வ.கு. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அச்சுக்குப் போகும் பட்டியல்: வழமைப் பயணம், இயல்பு நிலை, விபத்து நிலை, கவசக் கலன், கூட்டுக் கதிரேற்பு, ஆள்-சீவர்ட். ‘வழமைப் பயணக் கதிரேற்பு’ முதல் முறை வருமிடத்தில் ‘டோஸ்’ என்பதையும் ஒருமுறை சேர்க்கிறேன். ‘ஏற்பு’க்கு நால்வர் சரி என்றார்கள், இருவர் மறுக்கிறார்கள். நேரம் இல்லாததால் பெரும்பான்மையோடு போகிறேன்.

மா. எழுதியது:

நான் மறுப்பவர்களில் ஒருத்தியாகவே இருக்கிறேன். அடுத்த பதிப்புக்கு முன் ‘கதிர்க்கொள்வு’, ‘உட்கதிர்’ இரண்டையும் வகுப்பில் சொல்லிப் பாருங்கள். ‘கதிரேற்பு’ என்ற சொல்லைக் கண்டதும் மாணவர்கள் என்ன பொருள் எழுதுகிறார்கள் என்பதை விளக்கம் தருவதற்கு முன்பே வாங்கி, இங்கே அனுப்புங்கள்.