ரெண்டு கம்பு ஊனி நடந்தா கூன் நிமிருமா, இல்ல கம்பு இல்லாம நடக்கவே முடியாம போயிருமா?

கோட்டையூர்ப் பேரன்: எங்க அப்பத்தாவுக்கு 71 வயசு. போன வருஷம் வளவுல ஈரத்துல வழுக்கி விழுந்தாங்க, எலும்புக்கு ஒண்ணும் ஆகல ஆனா அன்னைலேர்ந்து நடையே மாறிப்போச்சு, தரையவே பாத்துக்கிட்டு குனிஞ்சு கால தேச்சு தேச்சு குட்டி குட்டியா அடி வைக்கிறாங்க. சிங்கப்பூர்லேர்ந்து அத்தை நார்டிக் வாக்கிங் கம்பு, அதான் ரெண்டு கையிலயும் பிடிச்சு தரைய பின்னாடி தள்ளி நடக்குற கம்பு, ஒரு ஜோடி கொண்டுவந்தாங்க. பத்து நாளா சாயங்காலம் நடக்க வைக்கிறேன், தல கொஞ்சம் நிமிருது. சித்தப்பா தான் கம்ப பழக்கினா கால் சோம்பேறியாயிரும்னு தினமும் சத்தம் போடுறார்.

தேவகோட்டையான்: சித்தப்பா சொல்றதுதான் சரி தம்பி. பேலன்ஸ் உள்ளங்கால்லயும் இடுப்புலயும் கண்ணுலயும் காதுக்குள்ளயும் இருக்கு, பாரத்த கையில குடுத்துட்டா அதெல்லாம் எப்படி பழகும்? எங்கம்மாவ தூண பிடிச்சுக்கிட்டு ஒத்தக்கால்ல நிக்க வச்சேன், நாற்காலில உக்காந்து எந்திரிக்க வச்சேன், மூணு மாசத்துல கோயிலுக்கு வெறுங்கையா போறாங்க.

பள்ளத்தூர் பிசியோ: அண்ணே, நீங்க சொன்ன பயிற்சி கட்டாயம் வேணும், அதுல சண்டையே இல்ல. ஆனா இது சாஞ்சுக்கிற ஊன்றுகோல் இல்ல. பின்லாந்துல பனிச்சறுக்கு வீரர்கள் கோடைகாலத்துல பயிற்சிக்கு வச்சிருந்த முறையிலேர்ந்து வந்தது. விழுந்தவங்களுக்கு பயத்துல கை விறைச்சுப்போகும், கை வீசலன்னா முதுகு திரும்பாது, அடி சுருங்கிரும். இடது காலோட வலது கம்பு, வலது காலோட இடது கம்புன்னு போகும்போது கைவீச்சு திரும்ப வரும், அடி நீளும். கம்பு முன்னாடி குத்தக்கூடாது, சாய்வா பின்னாடி தள்ளணும். தம்பி, கம்பு எவ்வளவு உயரம் வச்சிருக்கீங்க?

கோட்டையூர்ப் பேரன்: 115 செமீ. அப்பத்தா 150 தான் இருப்பாங்க.

பள்ளத்தூர் பிசியோ: ரொம்ப நீளம், தோள் காதுக்கு ஏறிருக்குமே! உயரத்த 0.68ஆல பெருக்குங்க, 102 வரும். 100ல வச்சு முழங்கை 90 டிகிரி மடங்குதான்னு பாருங்க. தார் ரோட்டுக்கு ரப்பர் மூடி, செம்மண்ல மட்டும் இரும்பு முனை.

குன்றக்குடி நடையன்: நான் வருஷாவருஷம் தைப்பூசத்துக்கு பழனி நடக்குறவன். ரெண்டு வருஷமா கம்போட போறேன், மத்தியானத்துக்கு மேல முதுகு வளையிறது நின்னுச்சு, முன்னாடியெல்லாம் கை தொங்கி விரலெல்லாம் வீங்கும் அதுவும் இல்ல. மூட்டு பாரமும் பாதியா கொறஞ்சுரும்.

பள்ளத்தூர் பிசியோ: அந்த கடைசி வரி மட்டும் வேணாம்ணே. சமதரையில மூட்டு பாரம் பெருசா கொறையிறதில்ல, இறக்கத்துல கம்புல நல்லா ஊனினாதான் கொறையும். மூட்டுவலிக்காரங்க இத நம்பி அதிகமா நடந்துருவாங்க.

தேவகோட்டையான்: இத முதல்லயே சொல்லிருக்கணும்மா. இன்னொண்ணு, கம்பு கைப்பிடில இருக்குற பட்டைக்குள்ள கை மாட்டிக்கிட்டு விழுந்தா கட்டைவிரல் மூட்டு பிய்ஞ்சுரும். முகப்பு படி, ஈரமான ஆத்தங்குடிக்கல்லு, இங்கெல்லாம் ரெண்டு கையிலயும் கம்பு வச்சுக்கிட்டு எதப் பிடிப்பாங்க?

பள்ளத்தூர் பிசியோ: வீட்டுக்குள்ளயும் படியிலயும் கம்பே வேணாம், கைப்பிடிதான். முதல் சில வாரம் பட்டை மாட்டாமலே நடக்கட்டும். ஆனா வெறுங்கையா வரட்டும்னு அவங்கள திண்ணையிலயே உக்கார வச்சிருந்தா இருக்குற பலமும் போயிரும்ணே, அதுதான் எனக்கு பயம்.

தேவகோட்டையான்: நான் இன்னும் ஒத்துக்கல. ஒத்தக்கால் பயிற்சிய காலையில செஞ்சுட்டு சாயங்காலம் கம்பு எடுக்கட்டும், அதுவரைக்கும்தான் என் சம்மதம்.

கோட்டையூர்ப் பேரன்: இப்பதான் 100க்கு இறக்கி தெருக்கோடி வரைக்கும் கூட்டிட்டு போய்ட்டு வந்தேன், தோள் இறங்கிருச்சு. எதிர்வீட்டு ஆச்சிய நிமிந்து பாத்து பேசினாங்க. நாளைக்கு காலையில தூண் பயிற்சிக்கு சித்தப்பாவையே நிக்கச் சொல்லிருக்கேன்.